நிலப்பனைப் பாலை யாரும் குடிக்கவில்லை

சென்ற வெள்ளிக்கிழமை பாராயணம் நிறைந்து, கற்பூரம் அணைந்து, சுண்டல் கிண்ணங்கள் கைமாறிக்கொண்டிருந்த வேளையில் உங்களுள் ஒருவர் தம் மருமகளைப் பற்றிச் சொன்னார். பிறந்த குழந்தை தங்கவில்லை. அன்று முதல் அந்தப் பெண் எவரோடும் பேசுவதில்லை. பார்த்த இடத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்றார். உடனே பக்கத்திலிருந்தவர், "நெலப்பனைக் கெழங்கைப் பால்ல காய்ச்சிக் குடுங்கோ. கரமனையில ஒரு மாமிக்கு அப்படித்தான் வாய் திறந்ததாம். எங்கம்மா சொல்லுவா" என்றார். பலருடைய தலைகள் அசைந்தன. நான் தாளத்தைப் பைக்குள் வைப்பவள்போலக் குனிந்துகொண்டேன்.

தோழியரே, அந்தக் கரமனை மாமி என் தாயார்.

இந்த நகரத்து அக்கிரகாரத் தெருக்களில் அந்தக் கிழங்கின் புகழ் எத்தனையோ காலமாக வீடு வீடாக ஏறி இறங்கிவருகிறது. அது நடந்த வீட்டில் அன்று இருந்தவர்களில் இன்று எஞ்சியிருப்பவள் நான் ஒருத்திதான். ஆகையால், பாட வேண்டிய வாயால் பழங்கதை பேசுவதைப் பொறுத்தருளுங்கள்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. வைகாசி நடுவில் இடவப்பாதி மழை பிடித்த சில நாட்களில் எனக்கு ஒரு தம்பி பிறந்தான். அவன் முகத்தை நான் ஒரே ஒருமுறை, எட்டி நின்று, பழந்துணிப் பொதியின் நடுவே பார்த்தேன். பெயர் வைக்கும் நாளுக்காக மலைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து பெரியப்பா இறங்கி வந்திருந்தார். ஆனால் அந்த நாளுக்கு முந்தைய விடியலில் என்னை எழுப்பி, தலைகூட வாராமல், ஸ்ரீவராகத்திலிருந்த அத்தை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாலையில் திரும்பி வந்தபோது கூடத்தில் மாட்டியிருந்த தொட்டில் பரணுக்கு ஏறியிருந்தது. அதன் கொக்கி மட்டும் விட்டத்தில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது.

யாரும் அழவில்லை. பெயரிடும் முன் போன குழந்தைக்குத் தனிக் காரியம் இல்லை. துக்கம் விசாரிக்க யாரும் வருவதில்லை. எரிப்பதும் இல்லை, மண்ணில் வைப்பார்கள். அந்த இடத்தைத் தாய்க்குச் சொல்லக் கூடாது, அவள் எதிரே அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது, எடுத்தால் அடுத்த கருவுக்கு ஆகாது என்பது எங்கள் வீட்டுப் பெரியவர்களின் தீர்மானம். கருணை என்று எண்ணித்தான் அவர்கள் வாயைக் கட்டிக்கொண்டார்கள். அம்மாவும் கட்டிக்கொண்டாள். வேறுபாடு என்னவென்றால், அவர்கள் அந்த ஒரு பேச்சை மட்டும் விட்டார்கள். அம்மா எல்லாப் பேச்சையும் விட்டுவிட்டாள்.

அதற்கு முன் அவள் எப்படி இருந்தாள் என்று சொன்னால்தான் இது விளங்கும். விளக்கேற்றியவுடன் சுருதிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பாடுவாள். இன்று நான் உங்களோடு அமர்ந்து சொல்லும் பாசுரங்களும் பதிகங்களும் ஏடு பார்த்துக் கற்றவையல்ல; அவள் முதுகில் காது வைத்துப் படுத்திருந்து, எலும்பின் வழியாகக் கேட்டவை. அந்தப் பெட்டியின் துருத்தியில் ஓர் ஓட்டை இருந்தது. ஸ்வரத்தோடு ஒரு பெருமூச்சும் வரும். இறைவனே மூச்சு விடுகிறான் என்று நான் நம்பினேன். அந்தப் பெட்டி பிறகு எங்கே போயிற்றென்று தெரியவில்லை. அந்த மழையில் அது திறக்கப்படவே இல்லை.

ஆடி பிறந்ததும் அத்தை வந்தாள். அப்பாவுக்கு மூத்தவள்; வீட்டில் அவள் சொல்தான் சொல்.

"மலைக்கு அனுப்பு. காத்து மாறினா சரியாறதான்னு பாப்போம். திருவாதிரைக் களி கிண்டறதுக்குள்ள வாய் திறக்கலேன்னா அவளைப் பொறந்தாத்துக்கு அனுப்பிடு. கொழந்தையை நான் வளத்துக்கறேன்."

"ஏன்க்கா, அவ்வளவுக்கு…" என்றார் அப்பா.

"எவ்வளவுக்கு? அடுப்புல பால் பொங்கி வழியறது, பக்கத்துல நின்னுண்டு பாத்துண்டிருக்கா. நாளைக்குக் கொழந்தை கெணத்துல விழுந்தாலும் இப்படித்தான் பாத்துண்டு நிப்பா."

நான் கதவிடுக்கில் நின்றிருந்தேன். அன்றைய என் கணக்கு மிகவும் எளியது: அம்மா ஒரு வார்த்தை பேசினால் எனக்கு அம்மா உண்டு, பேசாவிட்டால் இல்லை.

*

மலையடிவாரத்து வித்துரா வரை பேருந்து. அங்கிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு அரிசி ஏற்றிச் செல்லும் லாரியில் ஓட்டுநருக்குப் பக்கத்தில் அம்மாவும் நானும்; பின்னால் மூட்டைகளின்மேல் குடையை விரித்துக்கொண்டு அப்பா. வளைவுக்கு வளைவு உலகம் ஒவ்வொன்றாகக் கழன்று கீழே விழுந்தது. முதலில் தென்னைகள் போயின, பிறகு ரப்பர் மரங்கள், பிறகு ஓசைகள். கடைசியில் வெண்மை மட்டும் இருந்தது. அந்த வெண்மைக்குள்ளிருந்து பெரியப்பாவின் வீட்டு ஓடு, பாதி எழுதிய கோலம்போல மெல்ல வெளிப்பட்டது.

பெரியப்பா தோட்டத்து ஆபீஸில் ஹெட்கிளார்க். அவருக்கும் பெரியம்மாவுக்கும் குழந்தைகள் இல்லை. வீட்டுக்குப் பின்னால் மழையில் எப்போதும் கறுத்து மின்னும் ஒரு பெரும்பாறை. அதன் காலடியில் சரளைக்கல் நிறைந்த சரிவு. காலையில் தொழிற்சாலைச் சங்கு ஊதும். வாட்டும் தேயிலையின் மணம், ஈரச் சாக்கும் வெந்த ஆப்பிளும் கலந்ததுபோல, மூடுபனியோடு வீட்டுக்குள் வரும். இன்றும் எங்காவது மலிவான தேநீர்க் கடையைக் கடக்கும்போது அந்த மணத்தின் ஒரு நூல் மூக்கில் படுகிறது, படுவதற்குள் அறுந்துவிடுகிறது.

உங்களில் பலருக்குப் பழைய வீட்டு முறைகள் நினைவிருக்கும். கணவனின் தமையனோடு பெண்டிர் நேர் நின்று பேசுவதில்லை. அவர் வந்தால் கதவுக்குப் பின்னால் ஒதுங்க வேண்டும். அவரும் தம்பி மனைவியிடம் நேரே எதுவும் சொல்லமாட்டார். ஆகவே அந்த வீட்டில் செய்திகளெல்லாம் என் வழியாகத்தான் போயின.

"கொழந்தே, மழையில நனையப்படாதுன்னு ஒங்கம்மாகிட்ட சொல்லு."

"அம்மா, மழையில நனையப்படாதாம்."

அம்மா மழையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சொன்னேன் பெரியப்பா."

"என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லலே."

"ஈசுவரா!" என்பாள் பெரியம்மா அடுக்களையிலிருந்து. "ஒண்ணும் சொல்லலேங்கறதைச் சொல்றதுக்கு மூணு பேர் வேண்டியிருக்கு இந்தாத்துல!"

அம்மா மலைக்குக் கொண்டுவந்தவற்றில் அவளே தேடி எடுத்துவைத்தது ஒன்றுதான்: அவளுடைய கூறைப்புடவை. பகலில் அதை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அதன் தலைப்பில் ஒரு துண்டு காணாமல் போயிருந்தது. அந்தக் கிழிசலின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டே இருப்பாள். "எலி கடிச்சிருக்குடி. குடு, ஓரம் மடிச்சுத் தைச்சுத் தரேன்" என்று பெரியம்மா எத்தனையோ தரம் கேட்டாள். அம்மா கொடுக்கவில்லை. கரமனை வீட்டில் இத்தனை நேராகக் கடிக்கும் எலி ஏது என்று யாருக்கும் தோன்றவில்லை.

*

ஒரு விடியலில் படுக்கையில் அம்மா இல்லை. கொல்லைக் கதவு திறந்திருந்தது. பனிக்குள் இறங்கி, கால் சில்லிடத் தேடிக்கொண்டு போனேன். பாறையின் காலடியில், சரளைச் சரிவில் குந்தி உட்கார்ந்திருந்தாள். அவள் முன்னால் அந்தப் பூ இருந்தது.

புல் என்று மிதித்துப் போய்விடக்கூடிய செடி. ஆனால் புல் அல்ல. முளைத்து வரும் தென்னங்கன்றை ஒரு சாணுக்குச் சுருக்கியதுபோல மடிப்பு மடிப்பான இலைகள். நடுவில், காம்பு என்ற ஒன்று கண்ணில் படாமல், மண்ணே விழித்துப் பார்த்ததுபோல ஆறிதழ் கொண்ட மஞ்சள் பூ. ரவிக்கைப் பித்தானைக் காட்டிலும் சற்றுப் பெரியது. மண்ணோடு மண்ணாகக் கிடந்தது. அதைப் பார்க்க வேண்டுமானால் வணங்குகிறவளைப் போலக் குனிய வேண்டும்.

சற்று நகர்ந்து பார்த்தால் இன்னொன்று, கல்லிடுக்கில் மற்றொன்று. பனி விலக விலகச் சரிவெங்கும் மஞ்சள் விண்மீன்கள் விழித்துக்கொண்டன. அம்மா ஒன்றையும் பறிக்கவில்லை. செடியைச் சுற்றி மழை அரித்திருந்த மண்ணை, குழந்தைக்குப் போர்த்துவதுபோல, விரல்களால் அணைத்து அழுத்தினாள். நானும் அழுத்தினேன். அவள் என் கையைத் தள்ளவில்லை.

அதன் பிறகு ஆவணியும் புரட்டாசியும் எங்களுக்குள் ஒரே கனவாக நடந்தன. விடியலில் எழுவோம், சரிவுக்குப் போவோம், இலைமேல் விழுந்த சருகை எடுப்போம். சில இலைகள் நீண்டு, வளைந்து, நுனியால் மண்ணைத் தொட்டிருந்தன. தொட்ட இடத்தில் வேர் விட்டு, ஒரு குட்டிச் செடி எழுந்திருந்தது. அம்மா என் சுட்டுவிரலைப் பிடித்து அந்த நுனியில் வைத்துக் காட்டினாள். நெடுநாளைக்குப் பிறகு அவள் எனக்குச் சொன்ன செய்தி அது, சொல்லில்லாத செய்தி.

தாவரவியல் படித்த என் மகள் பிற்காலத்தில் விளக்கினாள். நிலப்பனைப் பூவின் சூல்பை மண்ணுக்குள்ளேதான் இருக்குமாம். காயும் உள்ளேயே. கோடையில் இலையெல்லாம் கருகி, அங்கே ஒன்று இருந்த தடயமே தெரியாமல் போகும். கல்லுக்கு அடியில் கிழங்கு மட்டும் உயிரைப் பிடித்துக்கொண்டு அடுத்த மழைக்குக் காத்திருக்குமாம். அம்மா எந்தப் பாடமும் படித்தவள் அல்லள். மண்ணுக்குள் வைக்கப்பட்ட ஒன்று திரும்பவும் கண் திறப்பதை அவள் பார்த்தாள், அவ்வளவுதான்.

பெரியம்மாவுக்கு மட்டும் மனத்தாங்கல். "சுவாமிக்குக்கூட ஒண்ணு பறிக்க விடமாட்டேங்கறா. இங்கத்தவா கர்க்கடகத்துல தசபுஷ்பம்னு பத்து வகை பறிச்சு வெளக்கு முன்னாடி வைக்கறச்சே இதையும்தானே வைக்கறா? நான் கை நீட்டினேன், கப்புன்னு பிடிச்சுட்டா. பக்தியே போயிடுத்து இவளுக்கு."

பக்தி என்றால் என்னவென்று அடியாருக்கும் அடியாரான நம் முன்னோர் ஆயிரம் விதமாகப் பாடி வைத்திருக்கிறார்கள். பறிக்காத கையும் பூசனை செய்யும் என்பது என் அறிவுக்கு எட்ட எனக்கு இத்தனை வயது வேண்டியிருந்தது.

*

ஐப்பசியில் அப்பா ஒரு நாள் வந்து போனார். அத்தை தன் வீட்டு மாடி அறையை எனக்காக ஒழித்து வைத்துவிட்டாளென்றும், எனக்குப் புதுப் பாவாடை தைத்தாயிற்றென்றும் பெரியப்பாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். புதுப் பாவாடை என்றதும் நான் போய் அம்மாவை ஒட்டி உட்கார்ந்துகொண்டேன்.

அப்பா இறங்கிப் போனதும் பெரியப்பா எங்களை லாரியில் ஏற்றி வித்துராவுக்கு அழைத்துப் போனார். சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வைத்தியர். எண்ணெய்ப் பிசுக்கேறிய மரப்பெட்டிகளும் காய்ந்த வேர்களின் மணமுமாக இருந்தது கடை. அவர் அம்மாவின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெடுநேரம் கண்ணை மூடியிருந்தார்.

"நாடிக்குக் கொழப்பம் ஒண்ணும் இல்லா. க்ஷீணமாணு. நெலப்பனக் கெழங்கு பசும்பாலில் காச்சிக் கொடுக்கணும். பச்சைக் கெழங்கானா விசேஷம். நிங்ஙளுடெ மலையில அது இஷ்டம்போல உண்டல்லோ!"

திரும்பும் வழியெல்லாம் பெரியப்பா உருகிப்போனார். "கொழந்தே, ஒங்கம்மாகிட்ட சொல்லு. தேடிண்டு மலை எறங்கினோம், மருந்து நம்மாத்துக் கொல்லையிலயே கெடந்திருக்கு. இதுக்குப் பேர்தான் கடாட்சம்!" லாரியின் இரைச்சலில் அம்மா கேட்டாளோ இல்லையோ. அவள் நிலப்பனை என்ற பெயரையே அறிந்தவள் அல்லள். அது அவளுக்குப் பூ. பெயர் வைக்காத பூ.

பெரியப்பா முறை தவறாதவர். மூலிகையை நினைத்தவுடன் பிடுங்கக் கூடாது. முதல் நாள் மாலையில் அதற்கு மஞ்சள் சரடு கட்டி, தூபம் காட்டி, இன்னாருடைய நோய் தீர உன்னை நாளை அழைத்துப் போகிறேன் என்று சொல்லி அனுமதி பெற வேண்டும். மறுநாள் விடியலில், நகம் படாமல் எடுக்க வேண்டும். அவர் நீராடி, திருநீறு இட்டு, சரிவில் மண்டியிட்டு, செடி செடியாகச் சரடு கட்டினார். பருத்த உடம்பு, மூச்சு வாங்கிற்று. ஒவ்வொன்றின் முன்னும் கை கூப்பினார்.

விளக்கு வைக்கும் நேரத்தில் அம்மா கொல்லைப்புறம் போனாள். பின்னாலேயே நானும் போனேன்.

எங்கள் தெருவில் பிறந்த குழந்தையைத் தொட்டிலில் இடும் நாளில் அதன் மணிக்கட்டில் மஞ்சள் சரடு கட்டுவார்கள். என் தம்பி அந்த நாளைப் பார்க்கவில்லை. சரிவில் ஒவ்வொரு செடியின் அடியிலும் அந்தச் சரடு இருந்தது. சாம்பிராணிப் புகை பாறையோரத்தில் இன்னும் தங்கியிருந்தது. அம்மா நின்றாள். பிறகு குனிந்து ஒரு சரட்டை விரலால் தொட்டாள். நிமிர்ந்தபோது அவள் முகத்தில் ஒரு சிரிப்பு இருந்தது. தொட்டில் பரணுக்கு ஏறிய நாளிலிருந்து நான் காணாத சிரிப்பு.

அன்று விளக்கின் முன்னால் உட்கார்ந்து அவள் முனகினாள். சொல் இல்லை, ராகம் மட்டும். என் தலை அவள் மடியில் இருந்தது. அடுக்களையில் கரண்டிச் சத்தம் நின்றது. பெரியம்மா கதவருகே வந்து நின்று மூக்கை உறிஞ்சினாள். பெரியப்பா கிசுகிசுத்தார்: "பாத்தியா? அனுமதி கேட்டதுக்கே இந்தப் பலன்! நாளைக்கு உள்ள போனா என்ன ஆகும்னு யோசிச்சுப் பாரு!"

*

மறுநாள் விழித்தபோது களைக்கொத்து கல்லில் மோதும் ஓசை கேட்டது. கனவென்று எண்ணித் திரும்பிப் படுத்தேன். மறுபடி விழித்தபோது அம்மா பக்கத்தில் இல்லை.

சரிவு முழுவதும் குழிகள். மழைநீர் அவற்றில் சிவப்பாக ஊறத் தொடங்கியிருந்தது. பிய்ந்த இலைகள், மிதிபட்ட பூக்கள், மண்ணில் தோய்ந்த மஞ்சள் சரடுகள். அம்மா ஒவ்வொரு குழியாகக் குனிந்து பார்த்துக்கொண்டு போனாள். கடைசிக் குழிக்கு அப்பால் திரும்பி, நேரே அடுக்களைக்கு நடந்தாள். நான் ஓட வேண்டியிருந்தது.

தாம்பாளத்தில் கிழங்குகள் இருந்தன. விரல் நீளம், கறுப்பு, மேலெல்லாம் வேர்மயிர். பெரியம்மா ஒன்றின் தோலைச் சீவியிருந்தாள். உள்ளே வெள்ளையாக, வழுவழுவென்று இருந்தது. அடுப்பில் பால். கொல்லை வாசலில் பெரியப்பா சேறு படிந்த கைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா ஒதுங்கவில்லை, கதவைத் தேடவில்லை. கை நிறையச் சரடுகளோடு அவருக்கு நேர் எதிரே போய் நின்றாள்.

"எங்கே கொண்டு வச்சேள்?"

மழைக்காலம் முழுவதும் திறக்காத கதவின் குரல்.

"பேசிட்டா!" என்று பெரியம்மா கரண்டியை நழுவவிட்டாள். "ஐயோ, பேசிட்டாளே! குடிக்கறதுக்கு முன்னாடியே பேசிட்டாளே!"

பெரியப்பாவின் முகம் மலர்ந்தது. வழக்கம்போல என்னைப் பார்த்துச் சொன்னார்: "கொழந்தே, ஒங்கம்மாகிட்ட சொல்லு, எங்கயும் போயிடலே, இதோ தாம்பாளத்துல…"

"கெழங்கைக் கேக்கலே" என்றாள் அம்மா. "என் கொழந்தையை எங்கே கொண்டு வச்சேள்?"

பால் பொங்கியது. விளிம்பு வரை எழுந்து, வழிந்து, தணலில் விழுந்து சீறியது. அருகில் நின்றும் யாரும் அதை இறக்கவில்லை. அத்தை அன்று அங்கே இருந்திருக்க வேண்டும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பெரியப்பா துண்டில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே மறுபடி துடைத்தார். "கொழந்தே, ஒங்கம்மாகிட்ட சொல்லு…" என்று தொடங்கினார். என் முகத்தைப் பார்த்தார். அந்தச் செய்தியை என் தலையில் ஏற்றி அனுப்ப அவரால் முடியவில்லை. முதன்முறையாகத் தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்:

"நான்தாம்மா கொண்டு போனேன். ஒங்காத்துக்காரனால தூக்க முடியலே. நம்ம கரமனை ஆத்தங்கரைப் படித்துறையைத் தாண்டி, புன்னை மரத்துக்கு வடக்கே, செம்மண் மேடு இருக்கோல்லியோ, அங்க. தலையைக் கெழக்கே வச்சேன். நாய் கிண்டிடப்படாதேன்னு மேல ஒரு கல்லைப் பொரட்டி வச்சேன்."

"அன்னிக்கு மழை பெஞ்சுதே" என்றாள் அம்மா. "குளிருமே."

"ஒன் கூறைப்புடவைத் தலைப்புலேர்ந்து ஒரு முழம் கிழிச்சு, அதுலதான் சுத்தினேன். ஒன் வாசனை இருக்கட்டும்னு. ஒன்னைக் கேக்காம எடுத்தேன். கேக்கற நெலைமையில நீ இல்லே."

"எலி இல்லையா?" என்றாள் பெரியம்மா, யாரையும் கேட்காத குரலில்.

அம்மா நின்ற இடத்திலேயே உட்கார்ந்தாள். அழுதாள். தீட்டுக்கும் காரியத்துக்கும் கணக்கில் வராத அந்தச் சிறு உயிருக்காக, இடவ மாதத்திலிருந்து ஐப்பசி வரை சேர்ந்த அழுகை. பெரியம்மா அவள் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். பெரியப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருடைய முதுகு குலுங்கியது. பெயர் வைக்க மலையிறங்கி வந்தவர் அல்லவா அவர். மனத்தில் ஒரு பெயரோடு வந்திருப்பார். அதை அவர் கடைசி வரை யாரிடமும் சொல்லவில்லை.

அன்று பகல் முழுவதும் அம்மா கேட்டுக்கொண்டே இருந்தாள். தலையில் மயிர் இருந்ததா? கண் மூடியிருந்ததா? கை விரிந்திருந்ததா, மூடியிருந்ததா? பெரியப்பா ஆபீஸுக்குப் போகாமல் ஒவ்வொன்றுக்கும் விடை சொன்னார். நடுவே ஆளில்லாத செய்திகள். எனக்கு வேலை போயிற்று.

பால் தம்ளரில் ஆறி, ஏடு படிந்து, மாலைவரை மேடையிலேயே இருந்தது. "பசும்பால், வீணாப் போச்சே" என்று பெரியம்மா அதைக் கறிவேப்பிலைக் கன்றுக்கு ஊற்றினாள்.

நிலப்பனைப் பாலின் வரலாறு இவ்வளவுதான்.

*

பாறையின் மறுபக்கத்தில், பெரியப்பாவின் பருத்த உடம்பு நுழைய முடியாத இடுக்கில், இலை நுனியால் மண்ணைத் தொட்டு வேரூன்றிய குட்டிச் செடிகள் தப்பியிருந்தன. திருவாதிரைக்கு முன் அப்பா எங்களை அழைத்துப்போக வந்தபோது, அவற்றில் ஒன்றை அம்மா சரளை மண்ணோடு ஒரு சிரட்டையில் எடுத்துக்கொண்டாள். அதற்குள் மழை ஓய்ந்து இலைகள் கருகத் தொடங்கியிருந்தன. கரமனை வந்து சேர்ந்தபோது சிரட்டையில் இருந்தது வெறும் மண்.

வாசலில் நின்ற அத்தை அம்மாவை ஏற இறங்கப் பார்த்தாள். "பேசறாளாமே? எங்கே, பேசட்டும் பாப்போம். காஞ்ச புல்லையும் மண்ணையும் எதுக்குடி தூக்கிண்டு வந்திருக்கே?"

"காயலே அக்கா" என்றாள் அம்மா. "உள்ளே இருக்கான்."

அத்தை அப்பாவைப் பார்த்தாள். அப்பா முதல்முறையாக அத்தையைப் பார்க்காமல் அம்மாவைப் பார்த்தார். என்னுடைய புதுப் பாவாடையை நான் என் வீட்டிலேயே கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை அம்மா ஆற்றுக்குக் குளிக்கப் போனவள் படித்துறையோடு நிற்கவில்லை. புன்னை மரத்துக்கு வடக்கே நடந்தாள். பெண்கள் போகாத இடம். கல்லைக் கண்டுபிடித்து, அதன் காலடியில் சிரட்டை மண்ணை வைத்து அணைத்தாள். அந்த ஆண்டுத் திருவாதிரைக் களியைக் கிண்டியவளும் அவள்தான். கிண்டிக்கொண்டே பாடியவளும் அவள்தான். அத்தை அந்தக் குரலைக் கேட்டாள். வைத்தியர் சொன்ன மருந்தையும் கேட்டாள். இரண்டையும் சேர்த்து முடிச்சுப் போட்டு ஸ்ரீவராகம் முழுவதும் சொன்னாள். அதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. வீட்டின் மௌனம்தான் நோய் என்று சொல்வதைவிட, பால் மருந்து என்று சொல்வது எளிது.

அத்தை வீட்டுக்குப் போகும்போதெல்லாம் அந்தத் தெருக்கோடிக் கோயிலில், பன்றி உருக் கொண்ட பெருமானின் முன் நிற்பேன். ஆழத்தில் அமிழ்ந்துபோன பூமித்தாயை, அழகிய உருவம் எதையும் நாடாமல், சேற்றைக் கிளறும் விலங்காகி இறங்கி மீட்டவன். அன்று விடியலில் களைக்கொத்தோடு சரிவை அகழ்ந்தது பெரியப்பாவின் அறியாமை என்றுதான் நெடுங்காலம் எண்ணியிருந்தேன். இப்போது அந்தச் சந்நிதியில் நிற்கும்போது அத்தனை உறுதியாக எண்ண முடியவில்லை. அறியாமல் தோண்டிய கையையும் எவனோ பிடித்திருந்தான் போலும்.

அந்தச் செடி பிழைத்தது. ஆண்டுதோறும் இடவப்பாதி தொடங்கிச் சில நாட்களில் அம்மா ஆற்றிலிருந்து ஈரப் புடவையோடு வருவாள். வாசல்படியில் கால் வைக்கும்போதே, "வந்துட்டான்" என்பாள். வேறெதுவும் சொல்லமாட்டாள். எங்கள் வீட்டில் மழைக்காலம் அந்தச் சொல்லோடுதான் தொடங்கும்.

அவள் போய்ப் பல காலமாயிற்று. அந்தப் பெண்ணுக்குப் பால் கொடுங்கள், பால் நல்லதுதான். ஆனால், மருமகளை உடைய தோழியே, உங்கள் வீட்டில் யார் அந்தக் குழந்தையைக் கையில் எடுத்துக்கொண்டு போனார்களோ, அவரை அவள் எதிரே கொஞ்ச நேரம் உட்காரச் சொல்லுங்கள். அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் உட்காரட்டும்.

சனிக்கிழமை காலை, மழை சற்று விட்டபோது, நான் ஆற்றங்கரைக்குப் போனேன். முழங்கால் ஒத்துழைக்கவில்லை; கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நடந்தேன். புன்னை மரம் இல்லை. மேட்டைப் பாதி சரித்து நடைபாதை போட்டிருக்கிறார்கள். பெரியப்பா புரட்டிவைத்த கல் எந்தச் சுவருக்குள் போயிற்றோ. ஆனால் சுவரின் செங்கல் இடுக்குகளில், படியோரச் சரளையில், இலை நுனியால் தொட்டுத் தொட்டு நகர்ந்தவைபோல, அங்கொன்று இங்கொன்றாக ஆறிதழ் மஞ்சள் பூக்கள் விழித்திருந்தன. நான் குனிந்து ஒன்றைச் சுற்றி மண்ணை அணைத்துக்கொண்டிருந்தேன்.

நடைப்பயிற்சிக்கு வந்த ஓர் இளம்பெண் காதிலிருந்த கருவியைக் கழற்றிவிட்டு நின்றாள். "அம்மே, எந்தெங்கிலும் களஞ்ஞு போயோ?" ஏதாவது தொலைத்துவிட்டேனோ என்று கேட்டாள்.

இல்லை, என் தம்பியைப் பார்க்க வந்தேன் என்று அவள் மொழியிலேயே சொன்னேன்.

அவள் படித்துறையைப் பார்த்தாள்; ஆற்றைப் பார்த்தாள்; அக்கரையைப் பார்த்தாள். ஆள் யாரையும் காணவில்லை.

"எவிடெ?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக் குனியவைத்து, இடத்தைக் காட்டினேன்.